கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடம்

(தொடக்கக் கல்வி பற்றிய ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைச் செய்திகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



வாழ்நாள் முழுவதும் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் உபாத்தியாயராகப் பணியாற்றி, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கை மூலதனமாக வைத்து இச்சொற்பொழிவை நிறுவிய பெரியவர், பேசுகிறவர் எந்தத் தேசத்தைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் பேச்சு பள்ளிக்கு வராத குழந்தையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்துச் சென்றார் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. அவர் அளித்த அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, நாள்தோறும் பத்திரிகையில் பெயர் வந்தும் நாம் சற்றும் அறியாமலே இருக்கிற ஆப்கானிஸ்தானத்தை நான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டின் அரசியலை ஆராய்வது என் நோக்கமன்று. யுத்தம் ஓயாத ஒரு நாட்டில், பள்ளிக்கு வெளியே நிற்கும் குழந்தை எவ்வழியால் உள்ளே வரும் என்ற ஒரு வினாவை மட்டும் அந்நாட்டு அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு விசாரிக்க விரும்புகிறேன்.

1978 ஏப்ரலில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு, அடுத்த ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகளின் பிரவேசம், 1989இல் அவை வெளியேறியபின் மூண்ட உள்நாட்டுச் சண்டை, 1996இல் காபூல் நகரம் தாலிபான்கள் வசமானது, 2001இல் அமெரிக்கப் படையெடுப்பு, 2021 ஆகஸ்டில் மறுபடியும் தாலிபான் ஆட்சி என்று, பாட்டி கண்ட யுத்தத்தைப் பேத்தியும் கண்ட நாடு அது. 2001ஆம் ஆண்டில் அங்கே பள்ளியில் இருந்த பிள்ளைகள் 10 லட்சத்துக்கும் குறைவு. அவர்களுள் பெண்கள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும். 2002 வசந்தத்தில், நவ்ரோஸ் பண்டிகையை ஒட்டிப் பள்ளிகள் திறந்தபோது, யூனிசெஃப் ஸ்தாபனத்தின் துணையோடு அவ்வாண்டில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். அதன்பின் சர்க்கார் கணக்கில் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் மூன்றாண்டு வரை வகுப்புப் பக்கமே வராத பிள்ளையின் பெயரையும் பதிவேட்டில் வைத்திருக்கலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தபடியால், ஏறிய எண்ணிக்கையில் எவ்வளவு குழந்தை, எவ்வளவு காகிதம் என்று பிரித்தறிவது கடினமாயிற்று. 2018இல் யூனிசெஃப்பும் அந்நாட்டுக் கல்வி அமைச்சும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்கு வெளியே 37 லட்சம் குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள் என்றும், கந்தஹார், ஹெல்மண்ட், உருஸ்கான் முதலிய மாகாணங்களில் பெண் குழந்தைகளில் நூற்றுக்கு 85 பேர் வரை பள்ளிக்குச் செல்வதில்லை என்றும் கூறிற்று.

இந்த எண்களைக் கேட்டவுடன் நம் மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறது: அந்த ஜனங்களுக்குப் பெண்கல்வியில் விருப்பமில்லை, தந்தையர் மனம் மாறினாலன்றி நிலைமை மாறாது என்பதே அம்முடிவு. அம்முடிவு பெரும்பாலும் பிழையானது என்பதே என் கட்சி. பெற்றோரின் மனத்தைக் குறை கூறுவதற்கு முன் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள பாதையை அளந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தைக் கூப்பிடு தூரத்தில் கொண்டுவந்து வைத்தால், மனமில்லை என்று நாம் நினைத்த தந்தையே கையைப் பிடித்து அழைத்து வருகிறார். இதை ஐந்து கூறாகப் பிரித்துச் சொல்கிறேன். முதலிரண்டில் அதிக நேரம் எடுத்துக்கொண்டால் தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

1. தூரம்

ஆப்கானிஸ்தானத்தின் நடுமேற்கில் கோர் என்றொரு மாகாணம் உண்டு. ஹரிருத் ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் வறண்ட பிரதேசம். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் கோரி சுல்தான்கள் எழுப்பிய ஜாம் மினார் இன்றும் அந்த ஆற்றோரத்தில் தனியே நிற்கிறது. பனிக்காலத்தில் பாதைகள் அடைபட்டுப் போகும். கிராமங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று எட்டியவை. அரசாங்கப் பள்ளி இருக்கும் ஊர் வேறு, குழந்தை இருக்கும் ஊர் வேறு.

இங்கே 2007ஆம் ஆண்டில் டேனா பர்டி, லீ லிண்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். கத்தோலிக்க நிவாரண ஸ்தாபனம் ஒன்று அம்மாகாணத்தில் கிராமப் பள்ளிகளைத் தொடங்க இருந்தது. எல்லாக் கிராமங்களிலும் ஒரே ஆண்டில் தொடங்க வசதியில்லை. ஆகவே எந்தக் கிராமங்களுக்கு முதலாண்டில் பள்ளி, எவற்றுக்கு மறு ஆண்டில் என்பதை யாருடைய சிபாரிசுக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, 31 கிராமங்களில் 1,490 குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார்கள். பள்ளி வந்த கிராமங்களில், பள்ளியில் சேர்ந்த குழந்தைகளின் விகிதம் மற்றக் கிராமங்களைக் காட்டிலும் நூற்றுக்கு 42 அதிகமாக இருந்தது. ஆண் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 35. பெண் குழந்தைகளில் 52. பள்ளி வராத கிராமங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நூற்றுக்கு 21 என்று இருந்த வித்தியாசம், பள்ளி வந்த இடத்தில் இல்லாமற் போயிற்று. கணக்கிலும் தாரி மொழியிலும் வைத்த தேர்வில் மதிப்பெண்களும் உயர்ந்தன. அந்த உயர்வும் பெண்களிடத்தில்தான் அதிகம்.

இத்தனைக்கும் அந்தத் தந்தையரிடம் யாரும் பெண்விடுதலையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அவர்களுடைய மதம், வழக்கம், வறுமை எல்லாம் முன்பிருந்தபடியே இருந்தன. மாறியது பள்ளி இருந்த இடம் ஒன்றுதான். அதே ஆய்வு தூரத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டபோது, ஒரு மைல் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் பள்ளியில் சேரும் குழந்தைகள் நூற்றுக்கு 16 வீதம் குறைகிறார்கள் என்று கண்டது. இரண்டு மைல், மூன்று மைல் என்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஒரு மைல் நடப்பது அப்படி என்ன பெரிய காரியம் என்று, பள்ளிக்கு மூன்று மைல் நடந்து படித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நம் தலைமுறையினர் கேட்கக்கூடும். அந்த ஒரு மைலில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பழைய யுத்தத்தில் புதைத்த கண்ணிவெடி இருக்கலாம். நீர்ப்பங்கீட்டில் பகை கொண்ட அடுத்த ஊரின் வயல் இருக்கலாம். ஆயுதம் தாங்கிய எந்தக் கூட்டத்தின் சோதனைச் சாவடியும் எந்தக் காலையிலும் முளைக்கலாம். ஏழு வயதுப் பையன் பத்துப் பேரோடு ஓடிப் போய்விடுவான். பத்து வயதுப் பெண்ணோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும், மாலையில் திரும்ப அழைத்து வர வேண்டும். கூலிக்குப் போகும் தகப்பனுக்கு அது அரை நாள் வேலை நஷ்டம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் பெண்ணை வீட்டில் நிறுத்துகிறார்; நாம் தொலைவிலிருந்து அதற்குப் பழைமைவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

2. நம்பிக்கை

அருகில் இருப்பது என்பது மைல் கணக்கோடு தீர்ந்துவிடுகிற விஷயமன்று. அந்தக் கிராமப் பள்ளி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். கட்டடம் கிடையாது. மசூதியின் ஒரு பக்கமோ, ஊரில் ஒருவர் வீட்டு விருந்தினர் அறையோ வகுப்பாகிறது. தரையில் ஒரு விரிப்பு, சுவரில் சாய்த்த கரும்பலகை, குளிருக்கு ஒரு தகர அடுப்பு. இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள். ஆசிரியரை ஊர்ப் பெரியவர்களின் சபையாகிய ஷூரா தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் அந்த ஊர் முல்லாவோ, பத்து வகுப்பு வரை படித்த இளைஞரோ, அபூர்வமாக ஒரு பெண்ணோ. சம்பளமும் பயிற்சியும் தொண்டு ஸ்தாபனம் தருவது. பாடத்திட்டமும் புத்தகமும் சர்க்காருடையவை. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே பெண்ணும் உட்காருகிறாள், படிப்பதும் நாட்டின் பொதுப் பாடம் என்ற இரண்டு பெரிய வித்தியாசங்களை மறந்துவிடலாகாது.

இந்த எளிமைக்கு யுத்த காலத்தில் ஒரு விசேஷமான பலன் உண்டு. 2001க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்நிய ராணுவத்தின் மாகாணக் குழுக்களே பள்ளிக்கட்டடங்கள் கட்டிக் கொடுத்தன. ஜனங்களின் நல்லெண்ணத்தைச் சம்பாதிப்பது நோக்கம். ஆனால் சிப்பாய் கட்டிய பள்ளி சிப்பாயின் பள்ளியாகவே எதிரியின் கண்ணுக்குப் பட்டது. இரவில் மசூதிக் கதவில் ஒட்டப்படும் மிரட்டல் கடிதங்களுக்கு அங்கே ஷப்நாமா என்று பெயர். அவை வந்த ஊர்களில் எத்தனையோ பள்ளிகள் எரிந்தன. ஊராரே நடத்தும், பெயர்ப்பலகை இல்லாத, ஒருவர் வீட்டு அறையில் இருக்கும் வகுப்பை எரிப்பது அவ்வளவு எளிதன்று. எரிக்க வருகிறவன் அந்த வீட்டுக்காரரையும் அவர் உறவினரையும் பகைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இடங்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் கூறவில்லை. ஆபத்து வரும்போது அதன் பக்கம் நிற்க ஆள் இருக்கிறார்கள் என்கிறேன்.

பெற்றோர் விருப்பத்தைப் பற்றிச் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்வேன். 2008 நவம்பரில் கந்தஹார் நகரத்தில் மீர்வைஸ் மேனா பெண்கள் பள்ளிக்கு நடந்து சென்ற மாணவியர் மீதும் ஆசிரியைகள் மீதும், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் திராவகம் வீசினார்கள். முகம் வெந்தவர்கள் உட்பட, அநேகமாக எல்லாப் பெண்களும் சில மாதங்களுக்குள் அதே பள்ளிக்குத் திரும்பினார்கள். பெற்றோர் சம்மதமின்றி அவர்கள் எப்படித் திரும்பியிருக்க முடியும்?

ஊரின் நம்பிக்கையைப் பெற்று வேலை செய்வதென்றால் என்ன என்பதற்கு மத்தியுல்லா வேசா என்பவரின் சரித்திரம் போதும். கந்தஹார் மாகாணத்து மாரூஃப் மாவட்டத்தில் அவருடைய தந்தை தொடங்கிய பள்ளியை ஆயுதம் தாங்கியவர்கள் எரித்துவிட்டார்கள். குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. 2009இல் வேசா தம் சகோதரரோடு பென்பாத் என்ற இயக்கத்தைத் தொடங்கி, மோட்டார் சைக்கிளில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று, அங்குள்ள மூத்தோரோடு தரையில் உட்கார்ந்து பேசி, மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறக்க வைத்தார். பெண் குழந்தைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று தலைப்பாகை கட்டிய கிழவர்களே அவரோடு நின்று சொன்னார்கள். 2023 மார்ச்சில் காபூலில் மசூதியில் தொழுதுவிட்டு வெளியே வந்தவரைத் தாலிபான்கள் கைது செய்து, ஏழு மாதம் சிறையில் வைத்திருந்து அக்டோபரில் விடுவித்தார்கள்.

3. புத்தகம்

அருகில் பள்ளி இருந்தும் அதில் கற்பிக்கப்படுவது விஷமாயிருந்தால் என் வாதம் தலைகீழாகிவிடும். அந்நாட்டில் அதுவும் நடந்தது. சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்த முஜாஹிதீன்களின் பள்ளிகளுக்காக, 1984 முதல் சுமார் பத்தாண்டுகள், அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் பணம் கொடுக்க, ஒமாஹாவிலுள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தாரியிலும் பஷ்டோவிலும் பாடப்புத்தகங்கள் தயாராயின. பாகிஸ்தானத்துப் பெஷாவர் நகரத்தின் வழியாக அவை பரவின. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கத் தோட்டாக்களும் துப்பாக்கிகளும் படமாயின. கூட்டலும் கழித்தலும் கொல்லப்பட்ட எதிரிகளின் தொகையாக அமைந்தன. எழுத்துப் பாடத்திலும் ஜிஹாத் இடம் பெற்றது. அந்தப் புத்தகங்கள் எந்த யுத்தத்துக்காக அச்சாயினவோ அந்த யுத்தம் முடிந்த பின்னும் அவை முடியவில்லை. தாலிபான்கள் முதல் முறை ஆண்டபோதும் அவையே வழங்கின; உயிருள்ளவற்றின் உருவத்தை அவர்கள் ஆட்சேபித்தபடியால் சிப்பாயின் முகம் மட்டும் அழிக்கப்பட்டது, துப்பாக்கி அப்படியே இருந்தது. 2002இல் பள்ளிகள் திறந்தபோது, அதே பல்கலைக்கழகத்தின் அதே புத்தகங்களிலிருந்து வன்முறைப் பகுதிகளை அவசர அவசரமாக நீக்கி மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று.

மேலே சொன்ன டேனா பர்டி அம்மையாரே இவ்வரலாற்றை 2014இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளி என்பது இயல்பாகவே சமாதானத்தைத் தரும் வஸ்து என்ற எண்ணம் நம்மிடையே ஆழ்ந்து கிடக்கிறது. அதைக் கைவிடாமல் யுத்த நாடுகளின் கல்வியைப் பற்றிப் பேசுவது வீண். தூரத்து வல்லரசு ஒன்றின் ராஜதந்திரம், மலையுச்சிக் கிராமத்துப் பையனின் கணக்குப் பாடத்துக்குள் புகுந்து உட்கார பாடப்புத்தகம் ஒன்று போதுமாயிருந்தது. பிள்ளை கையில் வைத்திருக்கும் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் கொண்டாடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

4. காலமும் வயதும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்நாட்டில் குளிர்ப் பிரதேசங்களில் பள்ளி ஆண்டு வசந்தத்தில் தொடங்குகிறது, வெப்பப் பிரதேசங்களில் செப்டம்பரில். ஓரிடத்தில் சண்டைக்கு அஞ்சி வேறிடத்துக்குப் போன குடும்பத்தின் பிள்ளை நடு ஆண்டில் போய் நிற்கும். பன்னிரண்டு வயதில் முதல் வகுப்பில் உட்கார வெட்கப்படுகிறவர்கள் பலர். இவர்களுக்காகவே ஓராண்டில் இரண்டு வகுப்புப் பாடங்களை முடிக்கும் துரிதக் கல்வி வகுப்புகள் அங்கே நடந்தன. 2012இல் கல்வி அமைச்சு வகுத்த சமூகப் பள்ளிக் கொள்கையில் இவ்வகுப்புகளும் கிராமப் பள்ளிகளும் சேர்ந்தே இடம் பெற்றன. அது போற்றத்தக்க கொள்கை. தஸ்கிரா என்னும் அடையாளச் சீட்டு இல்லை, முன்பு படித்த சான்று இல்லை என்று காரணம் சொல்லிப் பிள்ளையை வாசலில் நிறுத்தும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு எதிராக எழுத்தில் ஒரு கொள்கை இருப்பது பெரிய பலம்.

5. ஏணி

என் வாதத்தின் பலவீனமான இடத்துக்கு இப்போது வருகிறேன். கூப்பிடு தூரத்துப் பள்ளி பெரும்பாலும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுவது. அதற்கு மேல் படிக்க அரசாங்கத்தின் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். மறுபடியும் அந்த மைல்கள் குறுக்கே வந்து நிற்கின்றன, இப்போது பெண்ணுக்கு வயதும் கூடிவிட்டது. அன்றியும் தொண்டு ஸ்தாபனத்தின் பணம் மூன்றாண்டோ ஐந்தாண்டோ வரும். பிறகு ஆசிரியர் சர்க்காரின் ஊழியர் பட்டியலாகிய தஷ்கீலில் ஏற வேண்டும். பத்து வகுப்பு படித்த முல்லாவுக்கு அதில் ஏறும் யோக்கியதை இல்லை. யோக்கியதை உள்ள பட்டதாரி அந்த மலைக்கு வர மாட்டார். இப்படிப் பணம் நின்றதும் கலைந்துபோன வகுப்புகள் உண்டு. ஏணியின் அடிப்படியை ஊர் போட முடியும். மேல் படிகளைப் போட ஓர் அரசு வேண்டியிருக்கிறது.

அந்த அரசே படிகளை உருவத் தொடங்கினால்? 2021 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிகள் திறக்கும் என்று வந்த உத்தரவு, ஆண் ஆசிரியரும் ஆண் மாணவரும் வரலாம் என்று சொல்லிவிட்டு, பெண்களைப் பற்றி மௌனமாயிருந்தது. மறு ஆண்டு மார்ச் 23ஆம் தேதி பெண்களுக்கும் திறக்கப்படும் என்று அறிவித்திருந்ததை நம்பிச் சீருடை அணிந்து வந்த மாணவியர், வகுப்பில் அமர்ந்த சில மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும், 2024 டிசம்பரில் மருத்துவச்சி, தாதியர் பயிற்சிக்கூடங்களும் பெண்களுக்கு அடைபட்டன. வேண்டுமென்றே உயர்நிலைக் கல்வி மறுக்கப்பட்ட பெண்கள் 14 லட்சத்துக்குக் குறையாதவர் என்று 2024 ஆகஸ்டில் யுனெஸ்கோ கணக்கிட்டது. ஆறாம் வகுப்பு முடிந்தால் வீடுதான் என்பதால், தேறியும் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார்ந்திருக்க அனுமதி கேட்கும் சிறுமிகளைப் பற்றிச் செய்தியாளர்கள் எழுதினார்கள். பெண்ணுக்குப் பெண்ணே கற்பிக்க வேண்டும் என்ற சமூகத்தில், ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் படிக்காவிட்டால் அடுத்த தலைமுறையின் முதல் வகுப்புக்கே ஆசிரியை கிடைக்கமாட்டாள் என்ற எளிய கணக்கு ஆளுவோருக்குத் தெரியாததன்று.

இங்கே என் வாதம் தோற்றுவிட்டதா? அவ்வாறு நான் நினைக்கவில்லை. முதல் தாலிபான் காலத்திலேயே சகீனா யாகூபி அம்மையாரின் ஸ்தாபனம் வீடுகளுக்குள் பெண் குழந்தைகளுக்கு ரகசிய வகுப்புகள் நடத்திற்று. ஹேரத் நகரத்தில் தையற்பள்ளி என்ற பெயரில் இளம் பெண்கள் கூடி, பையில் மேலே துணியும் கத்தரியும் அடியில் புத்தகமும் வைத்து இலக்கியம் கற்றார்கள். இன்று அந்த அருகாமை வேறு ரூபம் எடுத்திருக்கிறது. ஹமீதா அமான் என்ற பத்திரிகையாளர் 2021 மார்ச் 8ஆம் தேதி காபூலில் தொடங்கிய ரேடியோ பேகம், பள்ளிப் பாடங்களைத் தாரியிலும் பஷ்டோவிலும் ஒலிபரப்புகிறது. 2024 மார்ச்சில் பாரிஸிலிருந்து பேகம் தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது. வீதியில் நடக்க முடியாத பெண்ணுக்குச் சமையலறை அலமாரியிலிருக்கும் ரேடியோவைவிட அருகில் வேறு பள்ளி ஏது? 2025 பிப்ரவரியில் அந்த வானொலியும் சில வாரம் நிறுத்தப்பட்டு மறுபடி பேசத் தொடங்கியது.

ஆனால் ரேடியோ சான்றிதழ் தராது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் முழுவதையும் காதால் கேட்டு முடித்த பெண், கான்கூர் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுத முடியாது. அவள் படித்தாள் என்பதற்குத் தேசத்தில் கையொப்பமிடுவார் எவருமில்லை. வங்காள தேசத்துச் சிட்டகாங்கில் உள்ள ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் ஆப்கானியப் பெண்களை ஏற்று வந்திருக்கிறது. சான்றுகளை இழந்த அகதிகளின் கல்வித் தகுதியை மதிப்பிட்டுத் தனி அத்தாட்சி வழங்கும் முறையை யுனெஸ்கோவும் வைத்திருக்கிறது. ஆப்கானிய மாணவர்கள் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்திருக்கிறார்கள் என்பதால் இது நமக்கு அந்நிய விஷயமுமன்று. பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் வரும் பெண்ணுக்கு நாமே ஒரு தேர்வை இணையத்தின் வழியாக நடத்தி, தேறினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சேர்க்கை விதிகளில் ஒரு பிரிவைச் சேர்ப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. கல்விக் குழுவின் தீர்மானம் ஒன்று தேவை. அக்குழுக்களில் அங்கம் வகிக்கும் பேராசிரியர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் காண்கிறேன். தீர்மானத்தின் வரைவொன்றை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கேள்வி நேரம் முடிந்ததும் அவர்களிடம் கொடுக்கிறேன்.